இமெல்டாவின் மாலைக் கையளிப்பு

குருநகர்த் தேவாலயத்தில் மாலைச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்து ஓய்ந்ததும் என் தொலைபேசி ஒலிக்கும். பல ஆண்டுகளாக அப்படித்தான். தெல்லிப்பழையில் இருக்கும் எனக்கு அந்த மணி கேட்பதில்லை. அதன் பின்னால் வரும் அழைப்புத்தான் கேட்கும். அன்றும் ஒலித்தது. திரையில் அவளுடைய பெயர் இருந்தது. வழமைபோல் சுகம் எதுவும் விசாரியாமல், "சொல்லு, எது ஓடுது?" என்றேன்.

மறுமுனையில் ஓர் ஆண்குரல் தயங்கியது. "அன்ரி, நான் றொபின்சன். பெரியம்மா மோசம் போட்டா. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கதிரையிலை சாய்ஞ்சவ. எழுப்பப் போனால் எழும்பேல்லை."

இவ்வாறான வேளைகளில் சொல்வதற்கென்று நம்மிடம் நிறையச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் அப்போது என் வாய்க்கு வரவில்லை. "குசினியிலை அடுப்பு நிப்பாட்டிக் கிடக்கோ எண்டு பார்," என்றேன். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓம் அன்ரி, நிப்பாட்டித்தான் கிடக்கு," என்றான். இமெல்டா சூசைப்பிள்ளை இறந்த செய்தி எனக்கு இவ்விதம் வந்து சேர்ந்தது.

அவளுடைய தங்கையின் மகனான றொபின்சன், முப்பத்தோராம் நாள் திருப்பலியன்று வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டான். ஒரு பக்கம் போதாது என்றேன். இத்தகைய மலர்களை நான் ஏராளமாக வாசித்திருக்கிறேன். அவற்றில் இறப்பவர் எல்லோரும் பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், இன்முகம் மாறாதவர். இமெல்டா யாருக்கேனும் இன்முகம் காட்டியதை நான் கண்டதில்லை. அவளுக்கு முகத்தில் கவனம் இருந்ததில்லை. அவளை அறிந்த உங்களுக்கு இது தெரியும் என்பதால், தெரியாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் சந்தித்தது பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில். அந்த வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவர்தான். அவள் குருநகரின் கடற்றொழிற் குடும்பத்தில் பிறந்தவள். நான் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவரின் மகள். ஊரிலேயே இருந்திருந்தால் என் வீட்டார் அவள் வீட்டில் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். வெளியூரில், ஒரே அறையில், ஒரே குடத்தில் குடித்தோம். அன்றைய பரிசோதனை, கண்ணாடிக் குழாயொன்றினுள் பச்சையாக ஒளிரும் இலத்திரன் கற்றையைக் காந்தத்தால் வளைப்பது. எல்லோரும் அளவீடுகளைக் குறித்துக்கொண்டு வெளியேறிவிட்டோம். இவள் மட்டும் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கற்றையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"வாவன், சாப்பாடு முடியப்போகுது," என்றேன்.

"எடி புவனம், இது சொல்வழி கேக்குது. எங்கடை வீட்டிலை நான் சொல்லி ஒரு கோழிகூடக் கேட்டதில்லை."

அன்று பகலுணவு இருவருக்கும் கிடைக்கவில்லை. அவளுடைய எஞ்சிய வாழ்க்கை முழுவதும் அந்தக் கற்றையின் பின்னால் சென்றது என்று சொன்னால் அது மிகையல்ல. மேற்படிப்புக்கு ஐரோப்பா சென்றாள். அங்கே நிலத்தின் கீழ் வட்டமாகச் சுரங்கம் தோண்டி அமைத்த துணிக்கை ஆர்முடுக்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அணுவிலும் மிகச் சிறிய துணிக்கைகளை ஒளியின் வேகத்தை அண்மிக்கும்வரை ஓடவிட்டு, ஒன்றோடொன்று மோதச் செய்து, சிதறுவதை ஆராயும் இயந்திரம் அது. அதன் கட்டுப்பாட்டறையில் கற்றையை வழிநடத்துவது இவளுடைய பணி. நான் ஊருக்குத் திரும்பி வந்தேன். உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தேன், திருமணமும் செய்துகொண்டேன். இவ்விரண்டில் முதலாவதை நன்றாகச் செய்தேன்.

ஓய்வு பெற்றதும் அவள் குருநகருக்கே வந்து, பெற்றோரின் வீட்டில் தனியே குடியிருந்தாள். இத்தனை காலம் ஐரோப்பாவில் என்ன செய்தாள் என்று ஊருக்கு விளங்கவில்லை. மீன் விற்கும் பிலோமினா ஒருநாள் என் முன்னிலையிலேயே கேட்டுவிட்டாள்.

"அக்கா, உந்த மெசின் கடைசியிலை என்னத்தைச் செய்யும்?"

"ஒண்டும் செய்யாது, பிலோமினா. சின்னனை உடைச்சு, உள்ளுக்கை இன்னும் சின்னன் இருக்கோ எண்டு பாக்கும்."

"இருந்ததோ?"

"சில நாள் இருந்தது. கனநாள் இல்லை."

"அதுக்கே உவ்வளவு காசு குடுக்கிறவங்கள்?"

"ஏன், உம்மடை மனுசன் விடிய விடிய வலை போட்டுட்டு வெறுங்கையோடை வாறேல்லையோ? அதுதான் எங்கடை வேலையும். எங்களுக்குச் சம்பளம் கிடைக்கும், அவ்வளவுதான்."

பிலோமினா அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாள். அதில் தன் கணவனைச் சேர்த்ததைத்தான் கடைசிவரை மன்னிக்கவில்லை.

என்னோடும் அவளுக்குச் சண்டைகள் உண்டு. தன் இயந்திரம் ஒரு சிறு நகரத்துக்கான மின்சாரத்தைக் குடித்தது என்று அவள் பெருமையாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இங்கே ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றிய விளக்கின் வெளிச்சத்தில் ஓமின் விதியை விளங்கப்படுத்தியவள் நான். "அந்தக் காலத்திலை நான் மின்னோட்டத்தைக் கரும்பலகையிலைதான் கண்டனான்," என்றேன். அதற்கு அவள், "அப்ப உன்ரை கற்றைதான் கூடத் தூரம் ஓடியிருக்கு," என்றாள். என்னை அவள் பாராட்டியது அந்த ஒரு முறைதான். ஆகவே அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இனிக் கையளிப்புப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ்வகை இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுபவை; ஆட்கள் முறைவைத்து வேலை செய்வார்கள். ஒரு முறை முடிந்து அடுத்த முறைக்கு ஆட்கள் வரும்போது, போகிறவர் எழுந்து நின்று மூன்று விடயங்களை வாயால் சொல்லவேண்டும். எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது, எதைத் தொடக்கூடாது. எல்லாமே திரைகளில் இருக்கும்போது ஏன் வாயால் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன்.

"திரை இயந்திரத்தைத்தான் காட்டும். இவ்வளவு நேரமும் அதுக்கு முன்னாலை இருந்தவளுக்கு எதிலை சந்தேகம் எண்டதைத் திரை காட்டாது," என்றாள். அத்துடன் ஓர் எச்சரிக்கையும் சொன்னாள்: "தொடாதை எண்டு சொன்னால் காரணமும் சொல்லோணும். காரணம் சொல்லாட்டில் மனுசர் கட்டாயம் தொடுவினம்."

என் கணவர் இறந்து, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் திரும்பிச் சென்ற அன்று மாலை அவளுடைய முதல் அழைப்பு வந்தது. துயரம் விசாரிக்கப்போகிறாள் என்று எண்ணி, அதற்கு வெட்டிப் பேச ஆயத்தமாக எடுத்தேன்.

"தண்ணி மோட்டர் ஓடுது. பிறிட்ஜும் ஓடுது, ஆனால் லொறி மாதிரிச் சத்தம். வலது முழங்கால் நிண்டுபோச்சு. பின்கதவுச் சங்கிலியைத் தொடக்கூடாது; துருவிலைதான் அது பிடிச்சுக்கொண்டு நிக்குது, கழட்டினால் திரும்பப் பூட்டேலாது, நாய் உள்ளை வரும். இனி நீ சொல்லு."

"உனக்கென்ன விசரோ?"

"ஆளில்லாமல் முறை மாறக்கூடாது, புவனம். சொல்லு, எது ஓடுது?"

நான் சொன்னேன். மின்விசிறி ஓடுகிறது என்றேன். மணிக்கூடு நின்றுவிட்டது என்றேன். அவருடைய உடுப்புகள் இருக்கும் அலுமாரியைத் தொடக்கூடாது என்றேன். "காரணம்?" என்று கேட்டாள். சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தொலைபேசியை வைக்காமல் அவள் காத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த அழைப்பு ஒரு மாலையும் தவறவில்லை. இருவரும் முதுமை அடைய அடைய, நின்றுபோனவற்றைச் சொல்வதற்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது.

இன்னும் சில மாதங்களில் ஐரோப்பாவில் ஆர்முடுக்கிகள் பற்றிய மாநாடு ஒன்று நடக்கவிருக்கிறது. பழைய இயந்திரங்களை இயக்கியவர்களுக்கென்று அதில் ஓர் அமர்வு வைத்திருக்கிறார்கள். அவளைப் பேச அழைத்தார்கள். விமானத்தில் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால், வீட்டிலிருந்தே திரைவழியாகப் பேச இணங்கினாள். பேச்சை எழுதும்படி நான் நச்சரித்தேன். எழுத மறுத்துவிட்டாள். "கையளிப்பை ஆரும் எழுதி வாசிக்கிறேல்லை," என்றாள். ஆகவே மாலைதோறும் அழைப்பின் முடிவில் பேச்சின் ஒரு துண்டை எனக்குச் சொல்லிக்காட்டுவாள். நான் வெட்டுவேன். அவள் திரும்ப ஒட்டுவாள்.

பேச்சின் விடயம் இதுதான். அவர்களுடைய இயந்திரத்தை நிரந்தரமாக நிறுத்திய நாளில், கடைசி முறையில் இருந்தவர்களில் இவளும் ஒருத்தி. பெரியவர்கள் வந்தார்கள், கமராக்கள் வந்தன, உரைகள் நிகழ்ந்தன, கைதட்டினார்கள். அடுத்த முறைக்கு ஒருவரும் வரவில்லை, ஏனென்றால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

"எழும்பி நிண்டனான், புவனம். வாயும் திறந்தனான். ஆரிட்டைச் சொல்லுறது? கேக் தின்னுகொண்டு நிண்டவையிட்டையோ?"

சொல்லாமலே வீட்டுக்குப் போனாள். அவ்வாறு சொல்லாமல் விட்டவற்றுள் முக்கியமான ஒன்று இருந்தது. சுரங்கத்தின் வடக்கு வளைவில் ஓரிடத்தில், ஒவ்வோர் ஆண்டும் பனி கரைந்த பின் வரும் சில வாரங்களுக்குக் கற்றை மயிரிழையிலும் குறைவாக விலகும். கவனியாமல் விட்டால் குழாயின் சுவரில் உரசும். முறையில் இருப்பவர் கையாலே திருத்திவிட்டு, அடுத்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார். ஏன் விலகுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. காரணம் தெரியாத காரியத்தை எவரும் கட்டுரையாக எழுதவில்லை. இப்போது அதே சுரங்கத்தில் புதிய இயந்திரம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அந்த வளைவைப் பற்றி வாயால் சொன்னவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்க, இவள் ஒருத்தி குருநகரில் இருந்தாள்.

நான் சுண்ணாம்புக் கற்பாறை ஊரில் பிறந்தவள். மாரி முடியக் கிணறு எப்படி ஏறும் என்று அறிவேன். "நிலத்தடித் தண்ணி ஏறி நிலத்தைத் தூக்கியிருக்கும்," என்றேன்.

"நானும் அதைத்தான் சொன்னனான். கிணறு தோண்டி அளந்து பாத்தம். தண்ணி ஏறுற நேரமும் கற்றை விலகிற நேரமும் ஒண்டோடையொண்டு பொருந்தேல்லை."

"அப்ப வேறை என்ன?"

"தெரியாது. அதைத்தான் சொல்லப்போறன். கடைசி வசனமே அதுதான்: காரணம் எங்களுக்குத் தெரியாது, நீங்கள் பாருங்கோ."

எனக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியவள் நான். தெரியாததை விடைத்தாளில் எழுதாதே, எழுதினாலும் கடைசியில் எழுதாதே என்று சொல்லிக்கொடுத்தவள். அந்த வசனத்தை நடுவில் போட்டுவிட்டு, கௌரவமாக நன்றி சொல்லி முடி என்றேன். "உன்ரை பிள்ளையளுக்குப் புள்ளி. எங்களுக்கு இயந்திரம்," என்றாள். இந்த வழக்குப் பல மாலைகள் நீடித்தது. அவள் கடைசியாக அழைத்த மாலையிலும் நான் விடவில்லை.

"கடைசி வசனத்தைத் தொடாதை, புவனம்."

"காரணம் சொல்லு."

"களைப்பாக் கிடக்கு. நாளைக்குச் சொல்லுறன்."

காரணம் சொல்லாமல் அவள் கையளித்தது அது ஒன்றைத்தான்.

செத்தவீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பி வந்தபோது, வந்தவர்களுக்கென்று பின்பக்கம் பொரித்து மூடிவைத்திருந்த மீன் முழுவதையும் நாயொன்று உண்டுகொண்டிருந்தது. பின்கதவு அகலத் திறந்து கிடந்தது.

"ஆர் சங்கிலியைக் கழட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான் அன்ரி," என்றான் றொபின்சன். "துருப்பிடிச்சுக் கிடந்தது, எண்ணெய் போடுவம் எண்டு கழட்டினனான். இப்ப பூட்ட ஏலாமல் கிடக்கு."

"அதைத் தொடக்கூடாது. கழட்டினால் நாய் வரும்."

"அன்ரிக்கு எப்பிடித் தெரியும்?"

"அவள் கையளிச்சவள்."

"என்னட்டை ஒண்டும் சொல்லேல்லையே."

"நீ கேட்டனியோ?"

வெறும் தட்டைத் தூக்கிப் பார்த்த பிலோமினா, "இமெல்டா அக்கான்ரை கடைசி மரியாதையை நாயாவது ஒழுங்காச் செய்துபோட்டுது, முள்ளுகூட மிச்சமில்லை," என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் எது ஓடுகிறது, எது நிற்கிறது, எதைத் தொடக்கூடாது என்பது இப்போது என் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் என்பது அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டின் நிலை மட்டுமன்று. கடல்களுக்கு அப்பால் நான் ஒருபோதும் பார்த்திராத ஒரு சுரங்கத்தின் வடக்கு வளைவும் என்னிடம்தான் இருந்தது.

சில நாட்களின் பின் றொபின்சன் தன் கைத்தொலைபேசியோடு தெல்லிப்பழைக்கு வந்தான். மாநாட்டுக்காரர் அனுதாபம் தெரிவித்து எழுதியிருந்தார்கள்.

"பெரியம்மான்ரை படத்தைப் போட்டு, எல்லாரும் ஒரு நிமிசம் மௌனமா நிப்பினமாம் அன்ரி."

"வேண்டாமெண்டு எழுது."

"மரியாதைக்குத்தானே..."

"அவளுக்கு மௌனம் வேணுமெண்டால் சேமக்காலையிலை போதுமான அளவு இருக்கு. பேச்சு இருக்கெண்டு எழுது."

"எங்கை இருக்கு? கொம்பியூட்டர் முழுக்கத் தேடிப் பாத்திட்டன். ஒண்டுமில்லை."

"எழுதினால்தானே கிடைக்கும். அது என்ரை காதிலை இருக்கு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையைவிடக் கவலையே அதிகம் இருந்தது. இருந்தாலும் எழுதினான். அவர்கள் சம்மதித்து, பேசுபவரின் பெயரையும் நிறுவனத்தையும் கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு நிறுவனம் எங்கே இருக்கிறது? "என்ன போடுறது அன்ரி?" என்றான். "அடுத்த முறை ஆள் எண்டு போடு," என்றேன். அதை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம். அந்த வேலை தெரிந்தவர்கள் போலும்.

எனக்குத் துணிவு இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். நான் எந்த ஆர்முடுக்கியையும் கண்டதில்லை. என் வீட்டில் இருந்த பழைய குண்டுத் தொலைக்காட்சியும் ஒருவகையில் ஆர்முடுக்கிதான் என்று இமெல்டா சொல்வாள். அதையும் பேரீச்சம்பழ வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது மாலையில், அவள் அழைக்கும் நேரத்தில், எழுந்து நின்று அந்தப் பேச்சைத் தொடக்கத்திலிருந்து சொல்லிப்பார்க்கிறேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. ஆனால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. வெட்டவும் ஒட்டவும் ஆளில்லாத பேச்சு எவ்வளவு விரைவாக முடிந்துவிடுகிறது என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. முடிந்தபின் எஞ்சும் மாலை மிக நீளமானது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறார்கள். சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்கிறார்கள். எதில் சந்தேகம் என்று கேட்பதில்லை. அது அவர்களுடைய பிழையன்று. அவர்கள் அந்தக் கட்டுப்பாட்டறையில் வேலை செய்தவர்கள் அல்லர்.

கடைசி வசனத்தை நான் மாற்றப்போவதில்லை. காரணம் சொல்லப்படாத ஒரு கட்டளைக்கு என் வாழ்நாளில் நான் கீழ்ப்படிவது இதுவே முதல் தடவை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று கேள்விகள். வேறொன்றையும் நான் அந்த வீட்டிலிருந்து எடுத்து வரவில்லை. ஆகவே இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களிடம் கையளிக்கிறேன்.

ஓடுவன: குருநகர் வீட்டின் தண்ணீர் மோட்டர், காலையில் ஒருமுறை றொபின்சன் போட்டுவிடுகிறான். அவளுடைய குளிர்சாதனப் பெட்டி, சத்தத்தோடுதான். மாநாட்டுப் பேச்சு, அது இன்னும் பழுதாகவில்லை.

நின்றுபோனவை: என் இடது முழங்காலும், மாலை அழைப்பும்.

தொடக்கூடாதது ஒன்று. திருந்தாதி மணி ஓய்ந்த பின்னர் சிறிது நேரத்துக்கு என் தொலைபேசிக்கு ஒருவரும் அழைக்க வேண்டாம். காரணம் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய விதி; சொல்கிறேன். அழைப்பவர் எவராயினும், எடுத்தவுடன் நான் கேட்கப்போவது ‘எது ஓடுது?’ என்ற அந்த முதற் கேள்வியைத்தான். உங்களில் எவருக்கும் அதற்கு விடை தெரியாது.